வானத்திலும் அளவு உண்டு: பெருந்தொற்றுக் காலத்துச் செயற்கைக்கோள் இணையம்

2020 மார்ச் மாதத்தில் அமெரிக்காவின் பள்ளிக்கூடம், அலுவலகம், மருத்துவரின் ஆலோசனை அறை மூன்றும் ஒரே சமயத்தில் வீட்டுக்குள் வந்து சேர்ந்தன. கொரோனா பரவலைத் தடுக்க மக்கள் வீட்டோடு இருந்தாக வேண்டிய நிலையில், இந்த மூன்றையும் தாங்கும் பொறுப்பு இணைய இணைப்பின் தலையில் விழுந்தது. அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் ஓர் அமெரிக்க வீடு மாதத்துக்குச் சராசரியாக 402.5 ஜிபி டேட்டாவைப் பயன்படுத்தியதாக ஓபன்வால்ட் என்ற ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. முந்தைய ஆண்டு இதே காலத்தில் இருந்ததைவிட இது 47 சதவீதம் அதிகம். நகரத்துக் கேபிள் இணைப்புகள் இந்தக் கூடுதல் சுமையைப் பெரிய சேதமில்லாமல் சமாளித்துவிட்டன. கேபிள் போகாத ஊர்களில், கூரைமேல் டிஷ் வைத்துச் செயற்கைக்கோள் வழியாக இணையம் பெற்ற வீடுகளில்தான் சிக்கல் முற்றியது. மாதத்துக்கு 10 ஜிபியோ 20 ஜிபியோ மட்டுமே முழு வேகத்தில் தரும் திட்டங்களை நம்பி அந்தக் குடும்பங்கள் இருந்தன.

டிஷ்ஷை நம்பியவர்கள்

மொன்டானாவின் பண்ணை வீடுகள், அப்பலாச்சிய மலைக் கிராமங்கள், தென்மேற்குப் பாலைவனத்தின் பழங்குடி நிலங்கள் ஆகியவற்றுக்குப் பொதுவான ஓர் அம்சம் உண்டு: ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையிலான தூரம். பத்து வீட்டுக்காகப் பல கிலோமீட்டர் ஃபைபர் இழுத்தால் போட்ட முதல் திரும்பாது என்று கம்பி நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்ளும். மலை மறைத்தால் செல்போன் கோபுரமும் உதவாது. வானம் தெரிந்தாலே போதும் என்பதால் இந்த இடங்களில் செயற்கைக்கோள் கடைசிக் கைப்பிடியாக இருந்தது. தரைவழியில் 25 எம்பிபிஎஸ் பதிவிறக்க வேகமும் 3 எம்பிபிஎஸ் பதிவேற்ற வேகமும் கிடைக்காதவர்கள் 1 கோடியே 83 லட்சம் பேர் என்று அந்நாட்டின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான எஃப்சிசி தன் 2020ஆம் ஆண்டு அறிக்கையில் மதிப்பிட்டது. சரியான கணக்கு இதைவிடப் பல மடங்கு இருக்கும் என்று வாதிட்டவர்களும் உண்டு.

இந்தச் சந்தையை அப்போது இரண்டே நிறுவனங்கள் பங்கிட்டுக்கொண்டிருந்தன: ஹியூஸ்நெட், வயாசாட். ஹியூஸ்நெட்டில் 10, 20, 30, 50 ஜிபி என நான்கு திட்டங்கள் இருந்தன. மாதக் கட்டணம் ஏறக்குறைய 60 டாலரில் தொடங்கி 150 டாலர்வரை போனது. பணம் கூடக்கூட டேட்டாதான் கூடுமே தவிர வேகம் கூடாது. எல்லாத் திட்டத்திலும் விளம்பரப்படுத்தப்பட்ட வேகம் அதே 25 எம்பிபிஎஸ். வயாசாட் தன் திட்டங்களை ‘அன்லிமிடெட்’ என்று விற்றது. ஆனால் திட்டத்துக்கு ஏற்ப 40 ஜிபி முதல் 150 ஜிபிவரை ஓர் எல்லை வைத்திருந்தது. அந்த எல்லையைத் தாண்டியவருக்கு, நெரிசல் நேரத்தில் மற்றவர்களுக்குக் கொடுத்த பிறகே வழி கிடைக்கும்.

இரண்டிலும் எல்லையைத் தொட்டவுடன் இணைப்பு அறுந்துவிடாது, கூடுதல் கட்டணமும் தானாக ஏறாது. ஹியூஸ்நெட்டில் வேகம் 1 முதல் 3 எம்பிபிஎஸ் என்ற அளவுக்குச் சுருங்கும். அடுத்த மாதக் கணக்கு தொடங்கும்வரை அப்படியே ஓட்ட வேண்டும். அவசரமென்றால் ‘டோக்கன்’ என்ற பெயரில் சில ஜிபிகளைத் தனியே விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். இதோடு இன்னொரு சலுகையும் இருந்தது. பின்னிரவு 2 மணி முதல் காலை 8 மணிவரை பயன்படுத்துவதற்கென்று மாதம் 50 ஜிபி தனியாகக் கிடைக்கும். இந்த நேரத்தை ‘போனஸ் ஸோன்’ என்பார்கள். கணினியின் புதுப்பிப்புகள், படங்கள், பெரிய கோப்புகள் எல்லாவற்றையும் இரவில் இறங்கும்படி வைத்துவிட்டுப் படுப்பது இந்த வாடிக்கையாளர்களின் வழக்கம். ஆனால் பகல் 10 மணி வகுப்பை இரவு 2 மணிக்கு நகர்த்த முடியாது. பொதுமுடக்கத்தில் இந்தச் சலுகை பெரிதாக உதவாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

ஒரு வீட்டின் கணக்கு

பலர் சேர்ந்து பேசும் வீடியோ வகுப்பு ஒன்றுக்கு மணிக்குச் சுமார் 1 ஜிபி செலவாகும். ஒரு பிள்ளைக்கு நாளுக்கு நான்கு மணி நேர வகுப்பு என்றால் 4 ஜிபி. மாதத்தில் இருபது பள்ளி நாள் என்று கொண்டால் 80 ஜிபி. வீட்டில் படிக்கிற பிள்ளைகள் இருவர் என்றால் ஹியூஸ்நெட்டின் மிகப் பெரிய திட்டமான 50 ஜிபியே ஏழாவது நாளில் காலியாகிவிடும். 10 ஜிபி திட்டமோ இரண்டாம் நாளைத் தாண்டாது. இதில் பெற்றோரின் அலுவலகக் கூட்டங்கள் சேரவில்லை. மாலையில் ஒரு படம் பார்க்கலாம் என்றாலும் சாதாரணத் தரத்தில் மணிக்கு 1 ஜிபியும் ஹெச்டி தரத்தில் 3 ஜிபிவரையும் கரையும்.

வேகத்தையும் அளவையும் ஒன்றாக எண்ணிக் குழம்புவது இயல்பு. விளம்பரத்தில் பெரிய எழுத்தில் நிற்பது வேகம். சின்ன எழுத்தில் இருப்பது அளவு. 25 எம்பிபிஎஸ் வேகத்தை ஒருவர் இடைவிடாமல் முழுவதுமாகப் பயன்படுத்தினால் 10 ஜிபி தீர்வதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகாது. காகிதத்தில், 25/3 எம்பிபிஎஸ் என்று எஃப்சிசி அப்போது வகுத்திருந்த அகலப்பட்டை (பிராட்பேண்ட்) இலக்கணம் அந்த இணைப்புக்குப் பொருந்தியது. மாதம் முழுக்க அந்த இலக்கணத்தின்படி நடந்துகொள்ள அதனால் முடியவில்லை. சாதாரணக் காலத்தில் மின்னஞ்சல், செய்தி, வங்கி வேலை என்று சிக்கனமாக இருந்தவர்களை இது உறுத்தவில்லை. நாள் முழுவதும் வீடியோ என்றானதும் அளவுதான் எல்லாவற்றையும் தீர்மானித்தது.

எல்லை ஏன் வந்தது?

டேட்டா எல்லை என்றாலே நிறுவனத்தின் பேராசை என்ற எண்ணம் பரவலாக உண்டு. அமெரிக்காவின் மிகப் பெரிய கேபிள் நிறுவனமான காம்காஸ்ட் அந்த எண்ணத்துக்கு வலுச் சேர்த்தது. மாதம் 1 டெராபைட் என்று தான் வைத்திருந்த எல்லையை 2020 மார்ச்சில் அது நிறுத்திவைத்தது. ஜூன் 30வரை யார் எவ்வளவு பயன்படுத்தினாலும் கேள்வியில்லை. உச்ச நேரப் போக்குவரத்து 32 சதவீதம் உயர்ந்ததாக அந்நிறுவனமே சொன்னது. அப்படியும் வலைப்பின்னல் சரியவில்லை. எல்லையை எடுத்தும் ஒன்றும் ஆகவில்லை என்றால் அந்த எல்லை எதற்கு என்ற கேள்வி எழுந்தது நியாயமே. ஜூலை 1 அன்று எல்லை திரும்ப வந்தது, 1.2 டெராபைட்டாக.

செயற்கைக்கோளின் கதை வேறு. தரையில் நெரிசல் கூடினால் கேபிள் நிறுவனம் இன்னொரு ஃபைபரை இழுக்கலாம், தெருமுனைப் பெட்டியில் கருவியை மாற்றலாம். புவிநிலைச் சுற்றுப்பாதையில் நிற்கும் செயற்கைக்கோளை யாரும் போய்த் தொட முடியாது. அதன் கொள்ளளவு ராக்கெட் ஏறும் நாளிலேயே முடிவாகிவிடுகிறது; அதற்குப் பின் பதினைந்து ஆண்டுகளுக்கு அதே அளவுதான். ஏரித் தண்ணீரை ஆயக்கட்டுக்காரர்கள் முறைவைத்துப் பாய்ச்சுவதுபோல, இருப்பதைப் பங்கிடுவதைத் தவிர நிறுவனத்துக்கு வேறு வழியில்லை.

ஹியூஸ்நெட்டின் முதுகெலும்பாக அப்போது இருந்த ஜூபிடர் 2 செயற்கைக்கோள் 2016 டிசம்பரில் ஏவப்பட்டது. அதன் கொள்ளளவு நொடிக்கு 200 ஜிகாபிட்டுக்குச் சற்று மேல். வயாசாட்-2 2017 ஜூனில் ஏவப்பட்டது. 300 ஜிகாபிட் என்று வடிவமைக்கப்பட்டிருந்தாலும் ஆன்டெனாக் கோளாறால் அது 260 ஜிகாபிட் அளவுக்குக் குறைந்தது. அந்தக் கோளாறைச் சரிசெய்ய மேலே ஆள் அனுப்ப முடியாது. எண்கள் பெரிதாகத் தெரியலாம். ஒரு பேச்சுக்கு 200 ஜிகாபிட்டைப் பத்து லட்சம் வீடுகளுக்குச் சமமாகப் பிரித்தால், எல்லாரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது ஒரு வீட்டுக்குக் கிடைப்பது 0.2 எம்பிபிஎஸ். அந்த 0.2 எம்பிபிஎஸ்ஸை ஒரு நொடிகூட வீணாக்காமல் முப்பது நாளும் இரவுபகலாகப் பயன்படுத்தினால் வருவது சுமார் 65 ஜிபி. மக்கள் இரவில் தூங்குகிறார்கள், மாலையில் மொத்தமாக வந்து குவிகிறார்கள் என்பதால் நடைமுறையில் கிடைப்பது இதிலும் குறைவு. திட்டங்களின் உச்சம் 50 ஜிபியில் நின்றதும், ஆளரவமற்ற பின்னிரவுக்குத் தனியாக இன்னொரு 50 ஜிபி கொடுத்ததும் ஏன் என்பது இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும்.

இன்னொரு நுணுக்கமும் உண்டு. செயற்கைக்கோள் தன் கொள்ளளவை நாடு முழுவதும் சமமாகத் தெளிப்பதில்லை. நிலப்பரப்பைப் பல வட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கதிர்க்கற்றையை அனுப்புகிறது. ஒரு வட்டத்தில் வாடிக்கையாளர் நிறைந்துவிட்டால் அங்கே மட்டும் நெரிசல். பக்கத்து வட்டம் காற்றாடினாலும் அங்கிருந்து எளிதில் கடன் வாங்க முடியாது. ஒரே நிறுவனம், ஒரே திட்டம், ஒரே கட்டணம் இருந்தும் ஒரு மாவட்டத்தில் மாலை வேகம் படுத்துக்கொள்வதும் அடுத்த மாவட்டத்தில் சீராக இருப்பதும் இதனால்தான்.

தூரம் கொண்டுவரும் தாமதம்

அளவு தீராத நாட்களிலும் ஒரு குறை தொடர்ந்தது. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஒளியின் வேகத்தில் போனாலும் அங்கே ஏற 0.12 நொடி, இறங்க 0.12 நொடி. கேள்வி ஒருமுறை ஏறி இறங்கி, பதிலும் ஒருமுறை ஏறி இறங்கினால் அரை நொடி போய்விடும். கருவிகளின் வேலை நேரத்தையும் சேர்த்தால் 0.6 நொடியைத் தாண்டும். இயல்பான உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 0.15 நொடிக்குள் இருப்பது நல்லது என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. புவிநிலைச் செயற்கைக்கோள் அதை ஒருபோதும் எட்ட முடியாது. வகுப்பில் ஆசிரியர் கேட்ட கேள்விக்கு மாணவர் சொன்ன பதில், அடுத்த மாணவர் பேசத் தொடங்கிய பிறகு வந்து விழும். இருவரும் நிறுத்துவார்கள், இருவரும் மறுபடி தொடங்குவார்கள்.

அலுவலக வேலைக்கு இந்தத் தாமதம் வேறு வடிவில் இடையூறு செய்தது. இணையத்தில் தகவல் சிறுசிறு பொட்டலங்களாகப் போகிறது. வந்து சேர்ந்தது என்று மறுமுனை சொல்லச் சொல்லத்தான் அனுப்புபவர் வேகத்தைக் கூட்டுவார். ஒவ்வொரு பதிலுக்கும் அரை நொடிக்கு மேல் காத்திருந்தால் எதுவும் நகராது. அதனால் தரை நிலையத்தில் உள்ள கருவியே ‘வந்துவிட்டது’ என்று முன்கூட்டிப் பதில் சொல்லி வேகத்தைக் காப்பாற்றும் உத்தியைச் செயற்கைக்கோள் நிறுவனங்கள் நெடுநாளாகக் கையாண்டு வருகின்றன. வீட்டிலிருந்து அலுவலகக் கணினிக்குள் நுழைய உதவும் விபிஎன், போகும் தகவலையெல்லாம் மறையாக்கிப் பூட்டிவிடுகிறது. பூட்டிய பொட்டலத்துக்குள் என்ன இருக்கிறது என்று தரை நிலையத்துக்குத் தெரியாததால் உத்தி பலிக்காமல் போய், மீண்டும் அரை நொடிக் காத்திருப்பு தொடங்கும். வேகச் சோதனையில் 25 எம்பிபிஎஸ் காட்டிய இணைப்பில் அலுவலகக் கோப்பு ஒன்று திறக்கத் திணறியது இதனால்தான்.

அரசும் நிறுவனங்களும்

2020 மார்ச் 13 அன்று எஃப்சிசியின் அன்றைய தலைவர் அஜித் பாய் ஓர் உறுதிமொழியை முன்வைத்தார். பெருந்தொற்றால் கட்டணம் கட்ட முடியாத வீடுகளுக்கும் சிறு தொழில்களுக்கும் இணைப்பைத் துண்டிப்பதில்லை, தாமதக் கட்டணம் வசூலிப்பதில்லை, பொது வைஃபை இடங்களை எல்லாருக்கும் திறந்துவிடுவது என்பவை அதன் மூன்று அம்சங்கள். நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன. முதலில் 60 நாட்களுக்கு என்றிருந்தது பின்னர் ஜூன் 30வரை நீண்டது. டேட்டா எல்லையைத் தளர்த்துமாறும் பாய் கேட்டுக்கொண்டார். ஆனால் அது உறுதிமொழியின் பகுதி ஆகவில்லை. துண்டிக்காமல் இருப்பது எல்லா நிறுவனத்துக்கும் இயலும். எல்லையை எடுப்பது, கையில் மிச்சம் வைத்திருப்பவருக்கே இயலும்.

போக்குவரத்தைக் குறைக்கும் முயற்சி வீடியோ நிறுவனங்களின் பக்கமும் நடந்தது. ஐரோப்பிய ஒன்றிய ஆணையர் தியரி பிரெட்டோனின் வேண்டுகோளை ஏற்று, நெட்ஃபிளிக்ஸ் ஐரோப்பாவில் தன் வீடியோக்களின் டேட்டா அளவை 30 நாட்களுக்குச் சுமார் கால்பங்கு குறைத்தது. இந்தியாவிலும் 2020 மார்ச் இறுதியில் முன்னணித் தளங்கள் செல்போன் இணைப்பில் ஹெச்டியை நிறுத்தி 480 என்ற தரத்தோடு நின்றன. செயற்கைக்கோள் வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு புதிதல்ல. வயாசாட்டின் மலிவுத் திட்டத்தில் வீடியோ ஏற்கெனவே அந்தத் தரத்தில்தான் ஓடியது.

மருத்துவத்தில் இணைப்பின் தரம் நேரடியாக வெளிப்பட்டது. முதியோருக்கான அரசுக் காப்பீட்டுத் திட்டமான மெடிகேரில், தொலைவழி மருத்துவ ஆலோசனைகள் 2019இல் சுமார் 8.4 லட்சமாக இருந்து 2020இல் 5 கோடியே 27 லட்சமாக உயர்ந்தன. வீடியோ ஓடாத வீடுகள் ஏராளம் என்பதால், சாதாரணத் தொலைபேசி வழியே நடக்கும் ஆலோசனைகளுக்கும் பணம் தர அந்தத் திட்டம் இணங்கியது. பூட்டியிருந்த பள்ளிகளும் நூலகங்களும் தங்கள் வைஃபையை ஊராருக்குத் திறந்துவிடலாம் என்று எஃப்சிசி தெளிவுபடுத்தியது. டேட்டா தீர்ந்த குடும்பங்கள் நூலக வாகன நிறுத்தத்தில் காரை நிறுத்தி, பின்னிருக்கையில் பிள்ளைகள் வீட்டுப்பாடத்தைச் சமர்ப்பிப்பது அந்த ஆண்டின் அன்றாடக் காட்சி ஆனது.

கட்டணச் சுமைக்கு 2021 மே மாதம் தீர்வு வந்தது. அவசரகால அகலப்பட்டை உதவித் திட்டத்தில் தகுதியுள்ள வீட்டுக்கு மாதம் 50 டாலர்வரையும், பழங்குடி நிலங்களில் 75 டாலர்வரையும் தள்ளுபடி கிடைத்தது. 320 கோடி டாலர் இதற்கு ஒதுக்கப்பட்டது. பணம் கட்டணத்தைக் குறைத்தது. செயற்கைக்கோளின் கொள்ளளவைக் கூட்டவில்லை.

ஒருவர் பேச ஊரே கேட்பது

செயற்கைக்கோள் திணறியது இணையத்தில்தானே தவிர, ஒளிபரப்பில் அல்ல. ஒரு பாடத்தை ஒருமுறை அனுப்பினால், கீழே ஆயிரம் டிஷ் இருந்தாலும் கோடி டிஷ் இருந்தாலும் மேலே செலவாகும் கொள்ளளவு ஒன்றுதான். இணைய வகுப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனிப் பிரதி போக வேண்டும். இந்தியா இந்த வேறுபாட்டைப் பயன்படுத்திக்கொண்டது. ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியே இயங்கும் ஸ்வயம் பிரபா கல்வி அலைவரிசைகளோடு, பொதுமுடக்கக் காலத்தில் வகுப்புக்கு ஓர் அலைவரிசை என்ற திட்டமும் சேர்ந்தது. தமிழ்நாட்டில் 2019இல் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி, 2020இல் அரசுப் பள்ளி மாணவர்களின் வகுப்பறையாகவே மாறியது. மாணவர் திரும்பக் கேள்வி கேட்க முடியாது என்ற குறை இதில் உண்டு. ஆனால் டேட்டா தீர்ந்துவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை.

தாழப் பறக்கும் கூட்டம்

தாமதம், அளவு இரண்டுக்கும் மாற்றுவழி பெருந்தொற்றின் நடுவிலேயே தலைகாட்டியது. ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சுமார் 550 கிலோமீட்டர் உயரத்தில் பறக்கின்றன. தூரம் குறைந்ததால் தாமதம் 0.02 முதல் 0.04 நொடி என்ற அளவுக்கு இறங்கியது. தாழப் பறக்கும் கோள் ஒரே இடத்தில் நிற்காது; ஒன்று அடிவானத்தில் மறைவதற்குள் இன்னொன்று தலைக்குமேல் வந்தாக வேண்டும். ஆகவே ஒன்றிரண்டுக்குப் பதில் ஆயிரக்கணக்கில் தேவைப்படுகின்றன. 2019 மே மாதம் முதல் 60 கோள்கள் ஏறின. 2020 அக்டோபரில் பொதுமக்களுக்கான சோதனைச் சேவை தொடங்கியபோது கருவிக்கு 499 டாலர், மாதம் 99 டாலர், வேகம் 50 முதல் 150 எம்பிபிஎஸ், டேட்டா எல்லை இல்லை. வாஷிங்டன் மாநிலக் கடற்கரையில் வாழும் ஹோ பழங்குடியினர் முதலில் இணைந்தவர்களில் சிலர். பிள்ளைகளின் படிப்புக்கும் மருத்துவ ஆலோசனைக்கும் அது பயன்பட்டது.

ஆனால் பங்கீட்டுக் கணக்கிலிருந்து ஸ்டார்லிங்கும் தப்பவில்லை. வாடிக்கையாளர் பெருகப் பெருக, 2021 இறுதியில் 100 எம்பிபிஎஸ்ஸைத் தாண்டியிருந்த அமெரிக்க நடுமதிப்பு வேகம், 2022இன் மூன்றாம் காலாண்டில் 53 எம்பிபிஎஸ் அளவுக்குச் சரிந்ததாக ஊக்லா நிறுவனத்தின் அளவீடுகள் காட்டின. பகலில் மாதம் 1 டெராபைட்டுக்குமேல் பயன்படுத்துபவருக்கு முன்னுரிமை குறையும் என்ற அறிவிப்பும் 2022 நவம்பரில் வந்தது. புவிநிலைக் கோளுக்கும் இதற்கும் உள்ள முக்கிய வேறுபாடு, இங்கே வேகம் குறைந்தால் இன்னும் சில நூறு கோள்களை ஏவிக் கொள்ளளவைக் கூட்டிக்கொள்ளலாம் என்பதே. ஹியூஸ்நெட்டின் அடுத்த கோளான ஜூபிடர் 3, 500 ஜிகாபிட்டுக்கு மேற்பட்ட கொள்ளளவோடு 2023 ஜூலையில்தான் ஏறியது. பெருந்தொற்று நெருக்கடிக்கு அது உதவக் காலம் கடந்திருந்தது.

திட்டத்தில் பார்க்க வேண்டியவை

அகலப்பட்டை என்பதற்கான தன் அளவுகோலை எஃப்சிசி 2024 மார்ச்சில் 100 எம்பிபிஎஸ் பதிவிறக்கம், 20 எம்பிபிஎஸ் பதிவேற்றம் என்று உயர்த்தியது. இலங்கையில் ஸ்டார்லிங்க் சேவை 2025 ஜூலையில் தொடங்கியது. இந்தியாவில் அதற்கான உரிமத்தைத் தொலைத்தொடர்புத் துறை 2025 ஜூனில் வழங்கியது. செயற்கைக்கோள் இணைப்பு வாங்க நினைப்பவர் விளம்பர வேகத்தோடு இன்னும் நான்கு விவரங்களைக் கேட்டறிவது நல்லது: முழு வேகத்தில் மாதத்துக்கு எத்தனை ஜிபி, அது தீர்ந்தபின் வேகம் எவ்வளவு, பதிவேற்ற வேகம் எவ்வளவு, தாமதம் எவ்வளவு. வீட்டில் நாளுக்கு எத்தனை மணி நேரம் வீடியோ ஓடும் என்பதை மணிக்கு 1 ஜிபி வீதம் பெருக்கிப் பார்த்தாலே ஒரு திட்டம் தாங்குமா என்பது தெரிந்துவிடும். அந்தக் கணக்கைச் சாதாரண மாதத்துக்குப் போடுவதோடு நிறுத்தாமல், பள்ளியும் அலுவலகமும் வீட்டுக்குள் வரக்கூடிய ஒரு மாதத்துக்கும் போட்டுப் பார்க்க வேண்டும்.